அந்த வரி யாருடையது

விடிகாலை ஐந்து மணிக்கே பதினோரு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். எந்திரங்களின் இரைச்சல், மரத்துப்போன விரல், எரியும் கண். மருத்துவமனைகளுக்கு மருந்தின் அளவைச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது.

அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும். எங்கே பார்த்தாலும் அவள் பெயர்தான். போன வருடம் வந்தவள். நாங்கள் எழுதியதை ஒழுங்குபடுத்தி இடம் மாற்றி வைப்பாள். உடனே என் வரியெல்லாம் அவள் வரியாகிவிடும். முதலாளி அதைப் பார்த்து அவளைப் புகழ்வார். எனக்கு வயிறு பற்றி எரியும். 'துடைப்பம்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான்.

அன்று எங்கள் மென்பொருள் ஒரு குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து சொல்லிவிட்டது. நர்ஸ் சந்தேகப்பட்டுத் தடுத்ததால் உயிர் தப்பியது. முதலாளி தவறான வரியைத் திரையில் காட்டினார். பக்கத்தில் அவள் பெயர்.

"இன்னையோட உனக்கு வேலை இல்ல. கெளம்பு."

"சார், நான் இடம் மாத்தினது மட்டும்தான்..."

"பேரு உன்னோடதுதானே?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மனம் குளிர்ந்தது. புகழை வாங்கியவள் இதையும் வாங்கட்டுமே!

மாற்றங்களின் முழு வரலாறும் ஒவ்வொருவர் எந்திரத்திலும் இருக்கும். அந்த வரி முதலில் யாரிடமிருந்து வந்தது என்று சும்மா தேடினேன். வந்தது என் பெயர். கூடவே, அந்த வரியை அனுப்பிய நாளில் எரிச்சலில் நான் எழுதிவைத்த குறிப்பு: 'சோதிக்க நேரமில்லை. முதலாளி உத்தரவு. அப்படியே அனுப்புகிறேன்.'

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பும். அவள் தண்ணீர் பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது என் வரி" என்றேன். குறிப்பையும் உரக்கப் படித்தேன்.

"அப்ப ரெண்டு பேரும் போங்க. அந்தக் குறிப்ப இப்பவே அழிங்க!"

"எங்கேன்னு சார் அழிப்பீங்க?" அவள்தான் கேட்டாள். "பதினோரு பேர்கிட்டயும் இருக்கு."

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று அப்போதும் பொறாமைப்பட்டேன்.

மூலையிலிருந்த நரைமுடிக்காரர் எழுந்தார். "அதப் பாத்துச் சரின்னு சொன்னது நான். என்னையும் அனுப்புங்க."

"சோதிக்காம விட்டது நான்" என்றாள் இன்னொருத்தி. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

"சோதிக்க நேரம் தர்றேன்னு எழுதிக் குடுங்க சார். அதுவரைக்கும் ஒரு வரியும் வெளிய போகாது" என்றார் நரைமுடிக்காரர்.

முதலாளி உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். நாளை யாருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது. நடந்ததையெல்லாம் மருத்துவமனைக்குக் கடிதமாக எழுதினோம், அடியில் பதினோரு பேரும் பெயர் போடுவதென்று.

"அண்ணே, யார் பேர முதல்ல போடறது?" என்று அவள் கேட்டாள்.

என் பெயரை என்று நாக்கு நுனிவரை வந்தது.

"முதல் கடைசி இல்லாம எல்லாப் பேரையும் வட்டமாப் போடும்மா" என்றேன். "யாரு ஆரம்பிச்சதுன்னு முதலாளி தேடிக்கிட்டே இருக்கட்டும்."