ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி

"நிறுத்துங்க! பெட்டிய இறக்காதீங்க!"

ஸ்கூட்டிக்கு ஸ்டாண்ட் போடக்கூட கீதாவுக்குப் பொறுமையில்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டில் அப்படியே சாய்த்துவிட்டு ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிழக்கு மதிலோரம் புதிதாக வெட்டிய குழி. குழியின் குறுக்கே இரண்டு கட்டை. கட்டையின் மேல் ஜீவரத்தினம் சாரின் பெட்டி. மணி நான்கு பத்து.

சுற்றி நின்றவர்கள் பதினோரு பேர். சிட்லபாக்கத்தில் ஒரே தெருவில், ஒரே வீட்டில் நாற்பத்தோரு வருடம் வாழ்ந்த மனிதருக்கு மொத்தமே பதினோரு பேர். அதிலும் நான்கு பேர் பெட்டி தூக்க வந்தவர்கள்.

பாஸ்டர் ஜெபப் புத்தகத்தில் விரலை வைத்து மூடினார். "என்னம்மா?"

"பையன் வரணும் ஐயா. ஒரே புள்ள. ஜாய்சன் வராம யாரு மொதல் மண்ணு போடுவாங்க?"

"ஃபோன் எடுத்தாரா?"

நேற்றுக் காலையிலிருந்து கீதா அறுபது தடவையாவது அடித்திருப்பாள். ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஜீவரத்தினம் சாரின் பட்டன் ஃபோன் இப்போதும் அவள் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு மேல்தொட்டி நிரம்பித் தெருவில் தண்ணீர் ஓடியது. ஒரு சொட்டு வீணானால் மூன்று வீட்டுக்குக் கேட்கக் கத்துகிறவர். எதிர்வீட்டு கீதாதான் கேட் ஏறிக் குதித்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சார் சுவிட்ச் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், யாரோ தன்னைக் கூப்பிடப் போவதுபோலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து.

தாம்பரம் ஸ்டேஷனில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவுசெய்த குரல்கள் வருவதற்கு முன்னால், எந்த ரயில் எந்த பிளாட்பாரம் என்று ஊருக்கே சொன்ன தொண்டை. மனைவி தபீதாள் டீச்சரும் போய், மகனும் கனடா போன பிறகு அந்தத் தொண்டைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு போர்ட்டிகோவில் நாற்காலி போடுவார். ஃபோனைக் காதில் வைப்பார். "சொல்றா ஜாய்சா!" என்று ஆரம்பித்தால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். ஏரியில் தண்ணீர் எவ்வளவு, தெருவில் மறுபடி எதற்குப் பள்ளம் தோண்டினார்கள், கீதா குடுத்த வத்தக்குழம்பில் உப்பு தூக்கல், எல்லாம் கனடாவுக்குப் போகும். நடுநடுவே நிறுத்தி, "அப்படியா? அங்க பனியா?" என்பார். இருபது நிமிடம்.

"கனடாவுக்கு எதுக்குய்யா ஃபோனு? இந்தச் சத்தத்துக்கு நேராவே கேட்குமே" என்பான் கீதாவின் புருஷன் குப்புராஜ்.

கீதாவுக்குச் சிரிப்பு வராது. புனேயிலிருக்கும் தன் மகன் சூர்யாவிடம் சொல்லிக்காட்டுவாள். "உனக்குத்தான் டைமே இல்ல. எதிர்வீட்டு ஜாய்சனப் பாருடா. கடல் தாண்டிப் போயும் வாரம் தவறாம அப்பாகிட்ட பேசுறான்."

அந்த ஜாய்சன்தான் இப்போது ஃபோனை எடுக்கவில்லை. வேறு நம்பர் கிடைக்குமா என்று மூன்றரை மணி வரைக்கும் சாரின் பீரோவைக் குடைந்தாள். கனடா விலாசம் இல்லை. பனியில் நிற்கிற ஒரு போட்டோ இல்லை. அதற்குள் இங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"ஐஸ் பெட்டிய இன்னொரு நாளைக்கு நான் ஏற்பாடு பண்றேன் ஐயா. நாளைக்குள்ள வந்துருவான்."

"வர மாட்டான்மா." சொன்னது பாஸ்டர் இல்லை. குழிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற லாசரஸ். முப்பது வருடமாக இந்தச் சபையின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, குழி வெட்டுவது எல்லாம் அவன்தான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

லாசரஸ் குழியைப் பார்த்தான்.

அப்போதுதான் கீதாவுக்கு அடுத்தது உறைத்தது. "ஆமா, இது என்ன எடம்? டீச்சர் அங்கல்ல இருக்காங்க, வேப்பமரத்தடில? பதினாலு வருஷம் ஆச்சுன்னா அதே குழியத் தெறந்து வீட்டாள வைக்கலாம்னு சார்தான் எங்கிட்ட சொன்னாரு. டீச்சர் போயி பத்தொம்பது வருஷம் ஆச்சு. இவர இங்க மதிலோரமா தனியா எதுக்குப் போடுற?"

"அங்க எடம் இல்லம்மா."

"ஏன் இல்ல?"

"இல்லம்மா. உட்ரு."

"வித்துட்டியா?"

பதினோரு தலைகளும் லாசரஸ் பக்கம் திரும்பின. பாஸ்டர் இந்தச் சபைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் முகத்திலும் அதே கேள்வி வந்துவிட்டது.

"இரு. அவன்கிட்டயே சொல்றேன். எடுக்கற வரைக்கும் அடிக்கிறேன்."

கீதா பட்டனை அழுத்தினாள். காதில் ரிங் போனது. எங்கோ பக்கத்திலும் மணி அடித்தது. பழைய கால டெலிஃபோன் மணி. மதில் கம்பியில் தொங்கிய துணிப்பையிலிருந்து. லாசரஸின் பை.

கீதா கட் பண்ணினாள். பை அமைதியானது.

மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு லாசரஸ் போனான். பையிலிருந்து கண்ணாடி விரிசல் விட்ட ஒரு செல்ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நேத்துலேர்ந்து அடிச்சிகினேதாம்மா கீது. எடுத்து இன்னான்னு சொல்றது?"

"ஜாய்சன் ஃபோன் உங்கிட்ட எப்படி?"

"சார்தான் குடுத்தாரு. ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு எடு லாசரஸு, நீ ஒண்ணும் பேச வாணாம், 'ம்'னு மட்டும் சொல்லு, மீதிய நான் பேசிக்கிறேன்னாரு. ஒரு வாரம், ரெண்டு வாரம்னு நெனச்சேன். அஞ்சு வருசம் ஓடிப்போச்சி. வாரத்துல ஒரு நாளு நான் அவுருக்குப் புள்ளயா இருந்தேன்மா."

"அப்ப ஜாய்சன்?"

லாசரஸ் வேப்பமரத்தைப் பார்த்தான். சுண்ணாம்பு மங்காத கல்லறை. கல்லில் தபீதாள் டீச்சரின் பெயர் மட்டும். அதன் கீழே ஒரு பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"கொரோனா டைம்ல லீவுக்கு வந்தான் பாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்க. நானு, சாரு, பிளாஸ்டிக் டிரஸ் போட்ட மூணு பேரு, அப்ப இருந்த ஐயா. அவரும் மாத்தலாயிப் போய்ட்டாரு. அம்மாவ வச்சிப் பதினாலு வருசம் முடிஞ்சி நாலே மாசம். தனக்குன்னு சார் எண்ணிகினு இருந்த எடம். 'எம் புள்ளைக்குக் குடு'ன்னாரு. தெருவுல ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதுன்னு கையப் புடிச்சிகினாரு."

ஊரடங்கு தளர்ந்த முதல் வாரம், ஜீவரத்தினம் சார் மாஸ்க்கோடு கேட்டுக்கு வெளியே நின்று நீட்டிய பிளம் கேக் கீதாவுக்கு ஞாபகம் வந்தது. ஜாய்சனுக்குக் கனடாவில் வேலை, அவசரமாகக் கிளம்பிவிட்டான், சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை என்றார். அவள் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். பெட்டி மெல்ல இறங்கியது. கயிறு மேலே வந்தது. மண்ணுக்கு மண்ணாக என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, முதல் மண் யார் போடுவதென்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார்.

கீதா அந்தப் பட்டனை மறுபடியும் அழுத்தினாள்.

லாசரஸின் இடது கையில் ஃபோன் வெளிச்சமானது. விரிசல் கண்ணாடிக்குள் 'அப்பா' என்று எழுத்து. வலது கையைக் கைலியில் துடைத்தான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். ஃபோனைக் காதில் வைத்தான்.

"ம்" என்றது கீதாவின் காதுக்குள் ஒரு குரல்.

பிறகு அதே ஃபோனில், பெட்டியின் மேல் மண் விழும் சத்தம் கேட்டது.