ஃபிரிட்ஜ் சுருதி

அக்காவின் குரலைக் கிட்டார்களோடு முதன்முறையாகச் சேர்த்துக் கேட்டபோது, கார் கொட்டகையில் இருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தனர். குரல் சுருதியிலிருந்து இறங்கியிருந்தது. ஓரிடத்தில் அல்ல, முதல் வரியிலிருந்து கடைசி மூச்சுவரை.

அவர்களுடையது ஸ்டோனர் ராக்: தந்திகளைத் தளர்த்தி, ஆமை வேகத்தில், தரை அதிர வாசிக்கும் இசை. ஆல்பத்தின் ஏழு பாடல்களிலும் விருந்தினர்கள் உண்டு. கடைசிப் பாடலுக்கு இருவர்: ஆர்கன் வாசிக்கும் பல் டாக்டரும், பாடகியான அக்காவும். டாக்டரின் பங்கு வழக்கம்போல் இன்னும் வந்து சேரவில்லை. அக்காவோ, பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பிக்காக, தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடப்பதற்கு முந்தைய நாள் தன் அறையிலேயே பாடிப் பதிவுசெய்து அனுப்பிவிட்டாள். பழைய குரல் திரும்புமென்று மருத்துவமனையில் எவரும் உறுதி தரவில்லை. அவள் விதித்த நிபந்தனை ஒன்றே: "மெஷினை வச்சு என் குரலைச் சரிபண்ணாதீங்க."

"வியாதி முன்னாடியே குரலைத் தின்னுடுச்சோ?" என்றான் கிட்டார்க்காரனான நெட்டை.

"வாயைக் கழுவு."

"லேசா தூக்கிவிட்டுடலாம்டா. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

அன்று மாலையே தம்பி அக்கா வீட்டுக்குப் போனான். இரண்டு வாரம் பேசக்கூடாதென்று அவளுக்குக் கட்டளை, கையில் நோட்டுப்புத்தகம். அவன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு பேனா நகர்ந்தது.

"நான் சரியாத்தான் பாடினேன். டாக்டர் அனுப்பின டிராக்கைத்தானே போட்டுப் பாடினேன்?"

"டாக்டரா? நாங்கதானே அனுப்பினோம்?"

அவள் புருவத்தை உயர்த்தி, "அதுக்கு அப்புறம் அவரும் அனுப்பினார். ஆர்கனோட" என்று எழுதினாள். தம்பி உடனே டாக்டரை அழைத்து, போனை மேசைமேல் வைத்தான்.

"ஆமாப்பா, உங்க டிராக் என் ஆர்கனோட எந்தக் கட்டையிலயும் உக்காரலை. ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்குது. ஆர்கனை நான் எங்க திருகறது? உங்க டிராக்கோட சுருதியைக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் இறக்கி, அதுமேல வாசிச்சேன். அதையே அக்காவுக்கும் அனுப்பினேன். சொல்லலையா?"

"சொல்லலை டாக்டர்!"

"நான் பேசினா யாரும் பதில் பேச முடியாத தொழில்ப்பா என்னுது. சொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரியறதில்லை. அது கிடக்கட்டும், எதை வச்சுச் சுருதி சேர்த்தீங்க?"

தம்பியின் காது மடல் சிவந்தது. கொட்டகையின் பழைய ஃபிரிட்ஜ் ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் காதை வைத்துத் தந்திகளைச் சேர்ப்பது குழு தொடங்கிய நாள்முதல் வழக்கம். இருக்கும் ஒலிகளிலேயே அடியாழமானதும் நம்பகமானதும் அதுதான் என்பது நெட்டையின் சித்தாந்தம்.

"ஃபிரிட்ஜை வச்சு," என்றான்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் மேசை அதிர்ந்தது. சிரிப்பும் தடைசெய்யப்பட்டிருந்த அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "தொண்டை எனக்கு. சீக்கு உங்க ஃபிரிட்ஜுக்கு."

அந்த வரியைத் தம்பி மூன்று முறை படித்தான். வாரக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. அவளுடைய குரல் கடைசி நாள்வரை முழுசாகவே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்கள். அக்காவிடமிருந்து வாங்கிவந்த டாக்டரின் ஆர்கன் பதிவை ஓடவிட்டு, அதற்கேற்பத் தந்திகளை இன்னும் தளர்த்தினார்கள். தளர்த்து என்றால் நெட்டைக்குக் கசக்குமா? மதியத்துக்குள் கிட்டார்கள் இரண்டும் புதிதாகப் பதிவாயின. அக்காவின் குரலை, ஒரு மயிரிழைகூட மாற்றாமல், அவற்றின்மேல் வைத்தார்கள். உட்கார்ந்துவிட்டது.

தம்பி போனில் அவளை அழைத்து ஸ்பீக்கரருகே பிடித்தான். மறுமுனையில் பேச்சில்லை, ஒரு நகம் மட்டும் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"டேய், உள்ள பால் கெட்டுப்போச்சுடா," என்றான் நெட்டை, ஃபிரிட்ஜைத் திறந்து.

"கெடட்டும். கதவை மூடு, பாட்டு ஓடுது."