நாற்பத்திரண்டாவது கிணறு

மானிப்பாயில் தன் வீட்டு ஒழுங்கையை ஒட்டிய நாற்பத்திரண்டு கிணறுகளில் நாற்பத்தொன்றுக்குப் பரமலிங்கம் குளோரின் தூள் போட்டு முடித்திருந்தார். மாரி மழையோடு வயிற்றோட்டம் பரவத் தொடங்கியிருந்தது. மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பவர் அவர். எந்த வேலையையும் பட்டியல் போட்டுத்தான் செய்வார். கிணற்றின் அகலம், தண்ணீரின் ஆழம், போட்ட தூளின் நிறை எல்லாம் ஒரு கொப்பியில் வரிசையாக இருந்தன. நாற்பத்திரண்டாவது வரிசையில் மட்டும் "மறுத்துவிட்டார்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். அது அவருடைய கூடப்பிறந்த தமையன் நடராசாவின் கிணறு.

"உவன்ரை தூள் என்ரை கிணத்துக்கை விழக்கூடாது" என்று நடராசா படலையில் நின்றே சொல்லிவிட்டாராம். கூட வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள். பரமலிங்கம் அந்தப் படலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. நடராசாவின் மகளுடைய கலியாண அழைப்பு இன்னொருவர் கையில் வந்துசேர்ந்தது. தம்பிக்கு நேரில் வந்து சொல்லாத கலியாணத்துக்கு எந்த முகத்தோடு போவது என்று இவர் போகவில்லை. வராதவனோடு என்ன கதை என்று அவரும் விட்டுவிட்டார். இரண்டு வளவுக்கும் நடுவே ஆட்கள் புகுந்து போய்வந்த வேலிப் பொட்டையும் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தாயிற்று.

அந்தக் கிழமை பரமலிங்கத்துக்கு வீட்டிலும் ஒரு நோயாளி இருந்தது. முன்விறாந்தைக் கண்ணாடித் தொட்டியில் ஒரேயொரு தங்கமீன். கொழும்பில் படிக்கும் மகள் குணலட்சுமி வளர்த்த ஆறில் மிஞ்சியது. போரில் கரண்ட் நின்ற வருடம் காற்றடிக்கும் மோட்டரும் நின்று, நாலு மீன் அடுத்தடுத்துச் செத்தன. ஐந்தாவது போன வருடம் போயிற்று. மாதத்துக்கு ஒன்றோ, இரண்டு மாதத்துக்கு ஒன்றோ வந்துசேரும் மகளின் கடிதங்களில் கடைசி வரி எப்போதும், "குண்டன் சுகமா அப்பா?" பரமலிங்கம் கேள்விகளுக்கு இலக்கம் போட்டு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறவர். அந்தக் கேள்விக்கும் எழுதுவார். பொய் எழுத மட்டும் அவருக்கு வராது.

மோட்டருக்குப் பதிலாக அவரே ஒரு வழி கண்டிருந்தார். பழைய சைக்கிள் ரியூப் ஒன்றுக்குக் காற்றடித்து, அதன் வாயில் சேலைன் குழாயைப் பொருத்தி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டிருந்தார். குழாயில் இருந்த, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லை அளவாகத் திருகினால் தண்ணீருக்குள் குமிழி குமிழியாகக் காற்று வரும். ரியூப் சுருங்கினால் மறுபடி சைக்கிள் பம்மை எடுக்க வேண்டியதுதான்.

மழைக் குளிரோடு குண்டனின் செட்டையிலும் முதுகிலும் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் கிளம்பின. தீனைத் தொடாமல் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தது. நாலு நாளாக வைத்தியம் நடந்தது. ஒரு போத்தல் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. தொட்டியோடு அணைத்தபடி, துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். காலையில் மூன்றிலொரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. புதுத் தண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலம் ஆகவில்லை, குண்டன் மேலே வந்து வாயைப் பிளந்தது. செவுள் படபடவென்று அடித்தது.

மனைவி பூரணம் வாளியைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உதை மணந்து பாக்கேல்லையே நீங்கள்?"

"ஏன், என்ன மணக்குது?"

"ஆசுப்பத்திரி மணக்குது. நேற்றுப் பின்னேரம் எங்கடை கிணத்துக்கும் போட்டனீங்களெல்லோ!"

மூன்று நாளாகத் தூளோடு புழங்கிய மூக்குக்கு அந்த மணம் மரத்துப்போயிருந்தது. போதாததற்கு, ஊருக்கு முன்மாதிரி என்று தன் கிணற்றுக்கு ஒரு கரண்டி கூடவே போட்டவர். கூரைப் பீலிக்குக் கீழே மழைத் தண்ணீர் பிடிக்கும் தகரப் பீப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை. வெயிலில் வைத்தால் மணம் போகும். வானம் மூடிக் கிடந்தது. கொதிக்கவைத்து ஆற்றுவதற்குள் மீன் போய்விடும்.

"பக்கத்து வீடுகளிலை கேட்டு..." என்று தொடங்கிய பூரணம் நிறுத்திக்கொண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் வேலியைப் பார்த்தார்கள்.

அந்நேரம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள் கத்தரீனா. குருநகரிலிருந்து மீன் கொண்டுவந்து இரண்டு வீட்டுக்கும் கொடுக்கிறவள்.

"ஐயா என்ன, தொட்டிக்கை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறார்? அந்த ஒண்டுக்கு வைத்தியம், என்ரை மீனுக்குக் குழம்போ?"

"பகிடி விடாதை கத்தரீனா. ஓடிப்போய் அண்ணை வீட்டிலை ஒரு வாளி தண்ணி வாங்கிக்கொண்டு வா."

"கடல் மீன் விக்கிற என்னைத் தொட்டி மீனுக்குத் தூது போகவைக்கிறியள்" என்றபடி கடகத்தை இறக்கிவிட்டு வாளியோடு போனாள்.

பரமலிங்கம் ரியூப்புக்குக் காற்றடித்தார். தண்ணீரைக் கோப்பையால் அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார். கத்தரீனா வெறும் வாளியோடு திரும்பி வந்தாள்.

"தரமாட்டாராமோ?"

"தண்ணி வேணுமான அளவு கிடக்குதாம். 'கேக்கிறவர் நேரிலை வந்து கேக்கட்டும். ஆள் விட்டுச் சொல்லுறது மரியாதை இல்லையெண்டு அவருக்குத்தானே நல்லாத் தெரியும்' எண்டார். நான் ஒரு சொல் கூட்டேல்லை, குறைக்கேல்லை. மாதாவாணை."

பூரணம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பரமலிங்கம் தொட்டியைப் பார்த்தார். குண்டன் ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"சேட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ!" என்றாள் பூரணம்.

பொத்தானை மாறிப் பூட்டிய சேட்டோடு ஒழுங்கையைச் சுற்றிப் போனார். நடராசா கிணற்றுக்கட்டில் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

"அண்ணை."

"ஓம்."

"ஒரு வாளி தண்ணி வேணும்."

"ஊர்க் கிணறெல்லாம் சுத்தமாக்கினனியாம். என்ரை ஊத்தைத் தண்ணி உனக்கென்னத்துக்கு?"

"குணத்தின்ரை மீன் சாகப்போகுது, அண்ணை. நான்தான் கவனிக்காமல் குளோரின் தண்ணியை ஊத்திப்போட்டன்."

நடராசா கிணற்றுத் துலாவைப் பிடித்தார். இறைக்கும் பட்டை நிறைந்து மேலே வந்தது.

"ஆறெல்லோ கிடந்தது?"

"அஞ்சு செத்துது."

"அதுக்காவது ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார் நடராசா. தண்ணீரை வாளியில் ஊற்றி, தன் வீட்டு வாளி ஒன்றையும் நிரப்பித் தானே தூக்கினார். படலைப் பக்கம் போகாமல் வேலிக்குப் போய், பொட்டை அடைத்திருந்த கிடுகைக் காலால் தள்ளினார். "ஒழுங்கை சுத்திக் காவினால் அரைவாசி சிந்திப்போகும். வா."

பழைய தண்ணீரில் முக்கால்வாசியை எடுத்தார்கள். பரமலிங்கம் புதுத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, சுடுதண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து மெல்ல மெல்ல ஊற்றினார். நடராசா கேட்காமலே பம்மை எடுத்துக் காற்றடித்தார். ஒரு மணித்தியாலம் சென்றது. குண்டன் கீழே இறங்கி, கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. புள்ளிகள் போகவில்லை, செவுள் மட்டும் ஆறுதலாக அசைந்தது.

"இனி ஒரு கிழமைக்கு ரெண்டு நேரமும் தண்ணி மாத்தவேணும்" என்றார் பரமலிங்கம்.

"அப்ப ஒரு கிழமைக்கு என்ரை கிணத்துக்குத் தூள் போடேலாது" என்றார் நடராசா, வழக்கு வென்றவர்போல.

"கொதிக்கவைச்சுக் குடியுங்கோ அண்ணை. வயித்தோட்டம் விளையாட்டில்லை."

"குடிக்கிறன். உந்த மீன் எழும்பட்டும். பிறகு தூளை நீயே கொண்டுவா. ஆள் விடாதை."

பூரணம் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நடராசா கோப்பையை மூக்கருகே பிடித்தார்.

"இது உங்கடை கிணத்துத் தண்ணியோ?"

"ஓம். கொதிச்சதுதான்."

கண்ணை இடுக்கிக்கொண்டு கடைசி மிடறுவரை குடித்தார். "ஆசுப்பத்திரியிலை படுத்த மாதிரிக் கிடக்கு. இன்னும் ஒரு பனங்கட்டித் துண்டு தா, பிள்ளை."

"ரெண்டு வீட்டுக்கும் இண்டைக்கு மீன் வேணுமோ, வேண்டாமோ?" என்று முற்றத்திலிருந்து கேட்டாள் கத்தரீனா. அண்ணனும் தம்பியும் தொட்டிக்கு முன்னால் குனிந்து குண்டனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூரணம்தான் சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பரமலிங்கம் கொப்பியை எடுத்தார். நாற்பத்திரண்டாவது வரிசையில் எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: "அடுத்த செவ்வாய். நேரில்."