வலப்பக்கத்து நாற்காலி

சட்டையின் நாலாவது பொத்தான் துளைக்குள் ஏற மறுத்தது. அமலராணி மூன்று தடவை முயன்றாள். கணவனின் வயிறு லேசாக உப்பத் தொடங்கியிருந்தது.

"விட்டுரு ராணி. மேல கோட்டு போட்டா தெரியாது" என்றார் மரிய அந்தோணி. இறந்துபோன அடைக்கலத்தின் அண்ணன் அவர். தம்பியை விமானி உடுப்பிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து பிடிவாதமாக நின்றார்.

"வேட்டி கட்டி அனுப்புங்கடா" என்றாள் தாய் ஜெபமாலை. "அரிசி மூட்டை தள்ளிவிடுற சட்டையோடயா மாதாகிட்டப் போவான்?"

"அவன் கேப்டன் ஆத்தா."

"கேப்டனோ கோப்டனோ. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

ஆவூரில் யாருக்குமே அது சரியாக விளங்கியதில்லை. சண்டைக் காலத்தில் விமானப்படையில் சேர்ந்தவன், பிறகு கல்கத்தாவில் ஒரு வாடகை விமானக் கம்பெனியில் ஓட்டினான். அந்த விமானத்துக்கு நேரமும் கிடையாது, வழித்தடமும் கிடையாது. கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அஸ்ஸாமுக்கு அப்பால், மலை இடுக்குகளில் தாழப் பறந்து அரிசி மூட்டைகளைப் போட்டுவிட்டு வருவது. மேகம் மூடினால் மலை எது, வானம் எது என்று தெரியாது. அவனோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் அப்படிப் போய்த் திரும்பவில்லை. தந்திக்காரன் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தினால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அமலராணிக்குக் கையில் சாக்கட்டி நிற்காது.

இந்த வருஷம், 1957-ல், பயிற்சியாளர் வேலை ஒன்று காலியாவதாகக் கம்பெனி சொன்னது. கிடைத்தால் மலைப்பக்கமே போக வேண்டாம், குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு விதிகள் இருந்தன. கேப்டனாக இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும், அந்த வருஷத்துச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். கடைசியாக, ஒரு மாணவனுக்கு அவன் பாடம் சொல்லிக்கொடுப்பதை இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்து முழுக்கப் பார்ப்பார். முதல் இரண்டும் அடைக்கலத்திடம் இருந்தன. மூன்றாவது அடுத்த மாதம்.

லீவில் வந்தவன் கூடத்தில் இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டான். இடப்பக்கம் மாணவி அமலராணி, கையில் விமானத்தின் பிடியாகச் சப்பாத்திக் கட்டை. வலப்பக்கம் வாத்தியாராக அவன்.

"வாத்தியார் சும்மா சும்மா பிடுங்கக் கூடாது. பிடுங்க வேண்டிய நேரத்துல விட்டுறவும் கூடாது. அதான் கஷ்டம்."

"இதத்தான் நான் பத்து வருசமா ஒண்ணாம் கிளாசுல செய்யிறேன்."

"ஒம் பிள்ளைக தப்புப் பண்ணா சிலேட்டுதான் ஒடையும். இந்தா, விழுந்துட்ட. இது பதினோராவது தடவ."

அடுப்படியிலிருந்து ஜெபமாலை எட்டிப் பார்த்தாள். "கல்யாணமாகி பன்னெண்டு வருசம் கழிச்சு பஸ்சு வெளையாட்டு வெளையாடுறாக."

திங்கட்கிழமை கிணற்றடியில் தண்ணீர் இறைத்தவன் வாளியை அப்படியே விட்டுவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்தான். வாயு என்றான். ஓமத்தண்ணி கேட்டான். புதன்கிழமை இடது கை குடைந்தது.

"டாக்டரக் கூட்டியாரச் சொல்றேங்க."

"அவரு ஒரு வரி எழுதிட்டா கம்பெனி மெடிக்கல் பரிசோதனையில தேற மாட்டேன் ராணி. ஓட்டுற வேலையும் போகும், வாத்தியார் வேலையும் போகும். அடுத்த மாசம் வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

அவள் திறக்கவில்லை. அவன் சொன்னதற்காகத்தான் என்று பிறகு நினைத்துக்கொள்ள முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த மலைகளிலிருந்து அவனை இறக்கிவிட வேண்டும் என்று அவனைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள். வெள்ளிக்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பாதிக் கன்னத்துச் சோப்போடு சாய்ந்தான்.

மறுநாள் பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னால் திருச்சியிலிருந்து ஒரு டாக்ஸி வந்தது. தந்தி பார்த்துக் கல்கத்தாவிலிருந்து பறந்து வந்த, கம்பெனியின் தலைமைப் பயிற்சியாளர் நல்லதம்பி இறங்கினார். பருத்த ஆள், அறுபது இருக்கும். வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றார். உடல் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஒடம்பு சொகமில்லீங்களா சார்?" என்றார் அந்தோணி.

"நெஞ்சு அடைப்பு. ரெண்டு வருசமாச்சு. மெடிக்கல்ல தூக்கிட்டாங்க."

"அப்பறம் எப்பிடி வேலையில இருக்கீங்க?"

"ஓட்டத்தானே கூடாது, சொல்லிக்குடுக்கலாமே. முன்னால ஓட்டுறதுக்கு ரெண்டு பேரு இருப்பாங்க, நான் பின்னால நின்னு சொல்லுவேன். தரையில கிளாஸ் எடுப்பேன். வாத்தியாருக்கு அந்த மெடிக்கல் கட்டாயமில்லன்னு எங்க கம்பெனி விதியிலயே இருக்கு."

காப்பி டம்ளரோடு நின்ற அமலராணி கேட்டாள். "இது அவுகளுக்குத் தெரியுமாங்க?"

"எனக்கு நெஞ்சு வலிங்கிறது மேனேஜருக்கு மட்டுந்தாம்மா தெரியும். பசங்ககிட்டச் சொன்னா மதிப்பானுகளா? ஆனா விதிப் புஸ்தகத்த அடைக்கலம் படிச்சிருப்பானே."

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் அவனிடம் கேள்வி கேட்டவள் அவள்தான். மருத்துவம் என்று தலைப்பிட்ட பக்கம் வந்தபோது, "அதெல்லாம் தெரிஞ்சதுதான், தள்ளு" என்றான். தள்ளினாள். முழுதாக ஒரு பக்கம்கூட இருக்காது. டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அடக்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் அவர்களைக் கோயிலின் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். இறப்புப் பதிவேட்டை விரித்துப் பெயரை எழுதினார். ஜெபமாலை மருமகளின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்ன நோய்?"

"நோயே கெடையாதுங்க சாமி" என்றார் அந்தோணி. "கல்லு மாதிரி இருந்தான். திடீர்னு போயிட்டான்."

சாமியார் 'திடீர் மரணம்' என்று எழுதினார்.

"இவ என்ன செய்வா, பாவம்" என்றாள் ஜெபமாலை. "முன்னமே ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பாளா?"

அமலராணி கையை உருவிக்கொண்டாள்.

"நாலு நாளா வலிச்சுதுங்க சாமி. திங்கக்கிழமையிலேர்ந்து. எனக்குத் தெரியும்."

அந்தோணி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். சாமியார் எழுதியிருந்த சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். பேனாவை மையில் தொட்டார்.

"வயசு?"

வெளியே குழிவெட்டியவர்கள் மண்வெட்டியைக் கழுவும் சத்தம் கேட்டது.

"முப்பத்தெட்டு" என்றாள் ஜெபமாலை, சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஐப்பசி வந்தா முப்பத்தொம்பது."