பேய் வராத ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, "வா, ஒரு பேய் கேம் விளையாடு" என்று கணவன் கூப்பிட்டால் எந்த மனைவிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவளுக்கு வந்த சந்தேகம் மூன்று மாதம் பழையது.

அவர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். மூன்று மாதமாகச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இவள் எட்டிப் பார்த்தால் திரையை அணைத்துவிடுவார். கேட்டால், "ஸ்கூல் வேலை" என்பார். ஒருநாள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மனிதர் மைக் முன்னால் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் வேலை?

மறைப்பதில் அவளும் சளைத்தவள் அல்ல. அவள் வீட்டு வரைபடம் போடுகிறவள். வேலை, கணவனின் அண்ணன் நடத்தும் இன்ஜினியர் ஆபீஸில். நான்கு மாதம் முன்பு ஒரு வரைபடத்தில் இடது ஓரத்துச் சுவரையே போடாமல் விட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் நடக்காத தப்பு. யாருக்கும் தெரியாமல் திருத்தினாள், யாருக்கும் தெரியாமல் கண் டாக்டரிடம் போனாள். இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை சுருங்குகிறது, இடப்பக்கம் நிறையவே போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து என்றார் டாக்டர். அதன்பிறகு ஒவ்வொரு வரைபடத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்து இரண்டாவது முறை பார்த்தாள். தப்பு எதுவும் வரவில்லை. மருந்து பாட்டிலைத் தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

கணவனிடம் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது, அதிலும் அண்ணனிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அண்ணனுக்குத் தெரிந்தால், "பாவம், நீ ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகவே வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அந்த அன்புக்குத்தான் அவள் நடுங்கினாள். கோடு போடாத ஒரு நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

டிவிக்கு எதிரே நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். தன் நாற்காலியை அவளுக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டார்.

"இருபது நிமிஷ கேம். நான் பண்ணது. நீதான் முதல் ஆள்."

"நான் இதெல்லாம் விளையாடினதே இல்லையே."

"சுடறது குத்தறது எதுவும் கிடையாது. ஒரு வீட்டுக்குள்ள நடக்கணும். சாவியக் கண்டுபிடிச்சு வாசக்கதவத் திறந்து வெளிய போகணும்."

"பேய்?"

"வரும்," என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் ஒரு நீளமான நடை, கடைசியில் மங்கலான விளக்கு. பத்து அடி நடப்பதற்குள் அவளுக்கு அந்த இடம் தெரிந்துவிட்டது. மூன்றரை அடி அகலம், வலப்பக்கம் இரண்டு கதவு, திரும்பினால் சமையலறை. இது அவர்களுடைய வீடு. அவளே வரைந்த வரைபடம்.

"என் பைலத் தொறந்தீங்களா?"

"அளவு வேணும்னா வீட்ல இருக்கற இன்ச் டேப்பத்தானே கேக்கணும்," என்றார். இன்ச் டேப் என்பது அவளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர். ஆனால் குரலில் பழைய கேலி இல்லை.

பைலைத் திறந்தவர் வேறு எதையெல்லாம் திறந்தார்? படுக்கையறைக்குள் நுழைந்தாள். அலமாரிக்கு மேலே, இருக்கும் இடத்திலேயே, தையல் டப்பா இருந்தது. கட்டில், மேசை, ஜன்னல் எதையும் பார்க்காமல் கை நேராக அங்கேதான் போனது. டப்பா திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"எல்லாத்தையும் விட்டுட்டு நேரா அங்க ஏன் போன?" என்றார் அவர்.

"சும்மாதான். சாவி இருக்கும்னு."

மனிதர் நூல் விட்டுப் பார்க்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது, வாயைக் கிளறத்தான் இந்த ஏற்பாடு, நாளைக்கே அண்ணன் கூப்பிட்டு உட்காரவைத்து ஆறுதல் சொல்லப்போகிறார். போதாக்குறைக்கு அவர் திரையையே பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கன்னத்தில் உறைத்தது.

அப்போது இடது காதில் ஒரு மூச்சு கேட்டது. கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்ட அதே மூச்சு. மவுஸைத் தள்ளித் திரும்பினாள். அங்கே வெறும் சுவர். நடந்தாள். மறுபடியும் மூச்சு, திரும்பினால் மறுபடியும் சுவர். கூடத்தில் கேட்டது, குளியலறை வாசலில் கேட்டது. யாரோ கூடவே வருகிறார்கள், ஆனால் ஆளைக் காணோம். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

சமையலறை வாசலுக்கு வந்ததும் கால் தானாகத் தயங்கியது. நிஜ வீட்டில் அந்த வாசலில் அவள் இடது தோள் இடிக்காத நாள் இல்லை. இடித்துக்கொண்டால் உடனே கோபப்படுவது என்று ஓர் உத்தி வைத்திருந்தாள். கோபப்படுகிறவளிடம் யாரும் என்ன ஆச்சு என்று கேட்கமாட்டார்கள். அங்கேதான் ஒருநாள், டீயோடு நின்றிருந்த கணவன் மேலேயே மோதி, டீ முழுக்கக் கொட்டி, "ஏன் இப்படிப் பேய் மாதிரி வந்து நிக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தாள். அவர் துணியை எடுத்துத் துடைத்தார்.

சாவி அடுப்பு மேடையில் இருந்தது. எடுத்து வாசற்கதவைத் திறந்தாள். திரை வெளுத்தது. ஆட்டம் முடிந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். "எங்க உங்க பேய்? லீவு போட்டுடுச்சா?"

அவர் வெளுத்த திரையைப் பார்த்தார். பிறகு, "ஒரு தடவகூடவா பாக்கல?" என்றார்.

"வந்தாத்தானே பாக்கறதுக்கு."

"எல்லா ரூம்லயும் வந்துச்சு."

மவுஸை வாங்கி ஆட்டத்தை மறுபடியும் ஓட்டினார். சமையலறை வாசலில் நிறுத்தினார். "இடது ஓரத்துல பாரு."

அவள் கழுத்தையே திருப்பிப் பார்த்தாள். திரையின் விளிம்பை ஒட்டி ஒரு ஆள் நின்றிருந்தான். உயரம், லேசான கூன், கட்டம் போட்ட சட்டை, கையில் டீ கிளாஸ்.

"இது உங்க சட்டையாச்சே."

"ஆளும் நான்தான்," என்றார் அவர். "ஓரக்கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி பண்ணேன். நேரா திரும்பினா மறைஞ்சிடும். வேற ஒண்ணும் நான் கற்பனை பண்ணல. வீட்ல நடக்கறதத்தான் பண்ணேன். நான் டீயோட நிக்கறேன், நீ தாண்டிப் போற. பக்கத்துல உக்காந்து கைய நீட்டறேன், நீ திரும்பறதே இல்ல. கிட்ட வந்தா பேய் மாதிரி நிக்காதீங்கன்னு சொல்ற. என்னப் பிடிக்காம போயிடுச்சுன்னு நெனச்சேன். வாயத் தொறந்து கேக்கத் தைரியம் இல்ல. விளையாடிப் பாத்தாலாவது உனக்குப் புரியும்னு பாத்தா, இதுலயும் என்னப் பாக்காமலே வெளிய போயிட்ட."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக அவரைச் சந்தேகப்பட்டதில், தன்னையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்பதே தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அவர் நீட்டிய கையெல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

எழுந்து உள்ளே போய், தையல் டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் கவிழ்த்தாள். நூல்கண்டுகள் உருண்டன. சொட்டு மருந்து பாட்டில் கடைசியாக விழுந்தது. கண், டாக்டர், விட்டுப்போன சுவர், தலைகீழாகத் திருப்பிப் பார்த்த வரைபடங்கள் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். அவர் பாட்டிலின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"நாலு மாசமா நீயே விட்டுக்கறியா?"

"பாதி கன்னத்துல வழிஞ்சிடும்," என்றாள். "உங்க அண்ணனுக்குச் சொல்லிடுவீங்கன்னுதான்..."

"என் வாயில நிக்காதுன்னு நெனச்சியா?"

"நிக்குமா?"

அவர் யோசித்தார். "நிக்காது. அதனால நாளைக்குக் காலைல நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிடு. தலைகீழா திருப்பிப் பாத்த வரைபடத்தையெல்லாம் கையோட கொண்டு போ. எதுலயாவது தப்பு காட்டட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பழையபடி இடப்பக்கத்தில் இருந்தார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க," என்றாள்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் சுற்றி வந்து வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். அதே கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தார். அவள் அதை இப்போதுதான் பார்த்தாள்.