கிரகணமும் கிழக்கு மூலைச் சுவரும்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் முகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. நிலா வானத்தில் நிற்கும். இவர்கள் குனிந்து கேமராப் பெட்டிக்குள் தேடுவார்கள்.

அன்று சந்திர கிரகணத்தைப் படம் பிடிக்கிறோம் என்று பொழுது சாய்ந்ததும் என் மகளும் மாப்பிள்ளையும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். நானும் பின்னாலேயே போனேன், கிரகணம் பார்க்க அல்ல. நிலா எழும் பக்கத்தை அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும். கிழக்கு மூலைக்குப் போனால்தான் தெரியும். அந்த மூலையின் கைப்பிடிச் சுவரைப் பற்றி எனக்கு மட்டும் ஒன்று தெரியும்.

நான் கொத்தனார். இந்த வீடு என் கையால் கட்டியது. அந்த மூலையைக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. விடுவதற்குள் குழைத்து வைத்த சிமெண்டுக் கலவை இறுக ஆரம்பித்துவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. தண்ணீர் தெளித்துப் பிசைந்து அதையே வைத்துக் கட்டினேன். செய்யக் கூடாத காரியம்; ஒருமுறை இறுகிய கலவை மறுபடி பிடிக்காது. ஆனால் வெளியே, என் சுவரில் யானை சாய்ந்தாலும் அசையாது என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் துண்டை மடித்துச் சுவரின் மேல் போட்டுக் கேமராவை வைத்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு முழங்கைகளையும் ஊன்றிச் சாய்ந்தார். கீழே இரண்டு மாடி ஆழம், சிமெண்டுத் தரை.

"மாப்பிள்ளை, இப்படி வந்து உக்காருங்களேன்."

"இருங்க மாமா, நிலா செவக்குது."

"அங்க கொசு கடிக்கும்."

"அதுவும் கிரகணம் பாக்க வந்திருக்கும், விடுங்க."

மகள் பல்லைக் கடித்தாள். "எல்லாப் படமும் ஆடுதுங்க. நிலாவுக்கு வால் மொளைச்சிருக்கு பாருங்க. நான் தொடக்கூட இல்ல, டைமர்லதான் வச்சேன்."

"உன் கேமரா கோளாறு அது" என்று மாப்பிள்ளை திரும்பி முதுகைச் சாய்த்தார். அடுத்த படமும் ஆடியது.

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை.

"எந்திரிங்க!" என்று கத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "செவுருதான் ஆடுது. செத்த கலவை. நான்தான் வச்சேன்."

மகள் கேமராவைத் துண்டோடு வாரி எடுத்துக்கொண்டாள்.

"அந்த யானை என்னாச்சுப்பா?" என்றாள் மகள்.

"மாப்பிள்ளையே போதும் போல."

அவர் சிரிக்கவில்லை. தள்ளி நின்று முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கேமராவை மொட்டைமாடியின் நடுவில் ஸ்டூலில் வைத்து, நிலா தொட்டிக்கு மேலே ஏறும்வரை காத்திருந்தார்கள்.

"பாருங்கப்பா, அசையாம வந்திருக்கு."

பார்த்தேன். துருப்பிடித்த தட்டு மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு பாடு?

"நாளைக்கே நல்ல கொத்தனாரா பாத்து இடிச்சுக் கட்டிருவோம் மாமா."

நல்ல கொத்தனாராம். நானும் அப்படிப் பெயர் வாங்கியவன்தான்.

"மழை வந்தா கலவைய என்ன செய்வான்னு கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.