திரைக்கு வராத கடைசி வரி

ஆபீஸில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். எந்த ப்ரோகிராம் எழுதினாலும் அதற்கு ஒரு பூட்டுப் போடாமல் விடமாட்டாள். ஒரே திரையில், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றின் நான்கு ப்ராசஸர்களும் முண்டியடித்து எழுதினால் என்ன புரியும்? பூட்டை வாங்கிய ப்ராசஸர் மட்டும்தான் எழுதலாம், மற்றவை காத்திருக்க வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

மூன்று வாரமாக அந்த இயந்திரம், திரையில் எழுத வேண்டிய செய்திகள் குவியும் நேரம் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தது. சாவதற்கு முன் காரணத்தை ஒரு வரியாவது திரையில் சொல்ல வேண்டும். இதுவோ வாயைத் திறக்கவில்லை. பழி, அந்த இயந்திரத்துக்கு டிரைவர் ப்ரோகிராம் எழுதிய தாடிக்காரன் தலையில் விழுந்தது. அன்று நான்கு மணிக் கூட்டத்தில் அவன் வேலை போவது ஏறக்குறைய உறுதி. பழி சொன்னவர்களில் இவளும் ஒருத்தி.

மூன்றரைக்கு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாகிற ப்ராசஸர் முதலில் மற்ற மூன்றையும் நிறுத்துகிறது. அவற்றில் ஒன்றிடம் பூட்டு இருக்கிறது. பிறகு இது அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது. சாவி வைத்திருப்பவனைக் கட்டிப்போட்டுவிட்டு, அவன் வந்து திறப்பான் என்று வாசலில் நிற்கிற கதை. இப்படியும் ஒரு புத்திசாலித்தனம் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாகும் நேரத்தில் பூட்டை ஒரே ஒரு முறை கேள், கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் எழுது என்று மாற்றினாள். இயந்திரத்தை மறுபடி ஓட்டினாள். ஆறாவது நிமிடம் அது செத்தது, இந்த முறை பேசிவிட்டு. பிழை நடந்த இடம் என்று திரை காட்டியது டிரைவரை அல்ல. செய்திகளை வரிசையாகக் கோக்க அவள் எழுதிய ஃபைலை.

அவள் திரும்பினாள். பின்னால் தாடிக்காரன் நின்றிருந்தான்.

"அக்கா, இது உங்க ஃபைலாச்சே."

"ஆமா. உன் டிரைவர்ல ஒண்ணுமில்ல. எல்லாம் என்னாலதான்."

அவன் குனிந்து திரையை இன்னொரு முறை படித்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா. ஆனா நீங்க எழுதினதுல தப்பு இருக்காதுன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுன்னு காலையிலயே மேனேஜர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு, மேனேஜர் அறையை நோக்கி ஓடினாள்.